கல்வராயன் மலையில் சாமை விளையும்... ஆனா தட்டுக்கு ஏன் வரலை? உள்ளூர் உணவும் உணவுப் பாதுகாப்பும் - ஒரு விளக்கம்

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் ஓரமாக நின்று, போகிற வருகிற வண்டிகளைக் கவனித்தாலே இந்த விஷயத்தில் பாதி புரிந்துவிடும். மேலே ஏறும் வண்டிகளில் ரேஷன் அரிசி, பருப்பு, பாமாயில், பிஸ்கட் பாக்கெட். கீழே இறங்கும் வண்டிகளில் மரவள்ளிக் கிழங்கு. அரிசி மலைக் குடும்பத்தின் அடுப்புக்குப் போகிறது. கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. அதாவது, மண்ணைக் கொத்தி விளைவிக்கிற குடும்பமே தன் சாப்பாட்டுக்கு அடிவாரத்தை எதிர்பார்த்து நிற்கிறது.

இன்னொரு பக்கம், சென்னை சூப்பர் மார்க்கெட் அலமாரியில் "மலை சாமை" என்று லேபிள் ஒட்டிய பாக்கெட் நல்ல விலைக்கு விற்கிறது. "உள்ளூர் உணவை வாங்குங்க, விவசாயியைக் காப்பாத்துங்க" என்று ரீல்ஸ் வராத நாளே இல்லை.

உள்ளூர் உணவை வாங்கினால் உண்மையிலேயே உணவுப் பாதுகாப்பு வருமா? இல்லை, இது வசதியானவர்களின் ஃபேஷன் மட்டும்தானா? கல்வராயன் மலையை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

முதல்ல, ஏன் கல்வராயன் மலை?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. ஜவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று நீளும் வரிசையில் ஒன்று. இங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் இது.

நாட்டுக்கே சுதந்திரம் கிடைத்த பிறகும், இந்த மலை பல ஆண்டுகள் ஜாகீர்தார்களின் பிடியில்தான் இருந்தது. 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. விழுப்புரத்தில் இருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். மலைக்கான வட்டத் தலைமையிடம் வெள்ளிமலை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த விஷச் சாராயக் கொடுமை நினைவிருக்கும். அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சாராயம் என்றாலே கல்வராயன் மலையைக் கைகாட்டும் வழக்கம் உண்டு. அந்தப் பேச்சு மறுபடி கிளம்பியபோது, மலைவாழ் மக்களின் சமூக, பொருளாதார நிலை பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை, வாழ்வாதாரம் எல்லாம் விவாதத்துக்கு வந்தன.

வாழ்வாதாரம் என்று சொல்லும்போதே உணவும் அதில் அடங்கிவிடுகிறது. சொந்த நிலத்தில் விளைவதற்கு நல்ல விலை கிடைக்காத குடும்பம்தான் கேரளத்துத் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் மூட்டை கட்டுகிறது.

உணவுப் பாதுகாப்புன்னா என்ன? வயிறு நிறைஞ்சா போதாதா?

போதாது. 1996-ல் ரோமில் நடந்த உலக உணவு மாநாட்டுக்குப் பிறகு, உணவுப் பாதுகாப்பை நான்கு கால்களில் நிற்கும் கட்டிலாகப் பார்க்கிறார்கள்.

ஒன்று, உணவு கிடைக்கிறதா? கடையிலோ வயலிலோ இருக்க வேண்டும்.

இரண்டு, அதை வாங்க முடிகிறதா? கையில் காசு வேண்டும், கடைக்குப் போக சாலை வேண்டும்.

மூன்று, உடம்புக்குச் சேர்கிறதா? சத்து, சுத்தமான தண்ணீர், சமைக்கும் முறை எல்லாம் இதில் வரும்.

நான்கு, இது எல்லாம் எப்போதும் நிலைக்கிறதா? மழை பொய்த்தாலும், விலை ஏறினாலும், சாலை அறுந்தாலும் தட்டு காலியாகக் கூடாது.

கல்வராயன் மலையில் முதல் கால் ஓரளவு உறுதியாக நிற்கிறது. அதற்குக் காரணம் ரேஷன் கடை. ஆட்டம் காண்பது மற்ற மூன்றும்தான்.

மலையில் சாமை எப்படிக் குறைஞ்சது?

சாமை, தினை, கேழ்வரகு, வரகு. கிழக்குத் தொடர்ச்சி மலை மக்களின் பழைய சாப்பாடு இதுதான். ஆடியை ஒட்டி விதைத்தால் மூன்று, நான்கு மாதத்தில் அறுவடை. மானாவாரி. சரிவான, கல் நிறைந்த நிலத்திலும் வரும். உரம், மருந்துச் செலவு பெரிதாக இல்லை. நன்றாகக் காயவைத்து உமியோடு சேமித்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. மலைக்கென்றே அமைந்த பயிர். அப்புறம் ஏன் விட்டார்கள்?

முதல் காரணம், காசு. மரவள்ளிக்கு வாங்குபவர் தயாராக இருக்கிறார். சேலம், ஆத்தூர், சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகள் இருக்கின்றன. சேலத்தில் 1981 முதல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமே இயங்குகிறது. கிழங்கு போட்டால் மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும். பிள்ளை படிப்பு, கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் பணம் வேண்டியிருக்கும்போது, அந்த முடிவை யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம், உரல். சாமையின் உமியை நீக்குவது லேசான வேலை இல்லை. பொடிமணி, இறுகின தோல். உரலில் போட்டுக் குத்திப் புடைக்க வேண்டும். அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில்தான் விழும். காட்டு வேலை, வீட்டு வேலை முடித்து வந்து சாமை குத்துவதைவிட, அரிசியைக் களைந்து உலையில் போடுவது எவ்வளவோ மேல். "பாரம்பரிய உணவு எங்கே போச்சு?" என்று கேட்பவர்கள், அதை யார் குத்தினார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மூன்றாவது, அரசின் விலைக் கொள்கை. நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு. கேழ்வரகுக்கும் உண்டு. 2025-26 பருவத்துக்கு கேழ்வரகு குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். ஆனால் மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் சாமை, தினை, வரகு என்று தனிப் பெயரே கிடையாது. நெல்லுக்கு இருக்கும் கொள்முதல் நிலையம் போல சாமைக்கு ஒன்று இல்லாதபோது, வியாபாரி சொல்வதுதான் விலை.

அப்போ ரேஷன் அரிசிதான் வில்லனா?

இல்லவே இல்லை. இந்த இடத்தில்தான் பல "உள்ளூர் உணவு" பேச்சுகள் தடம் மாறிவிடுகின்றன.

தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்டம் எல்லோருக்குமானது. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். மிகவும் ஏழ்மையான அந்த்யோதயா குடும்பங்களுக்கு மாதம் 35 கிலோ. மழை இல்லாத வருஷம், வேலை இல்லாத மாதம், கொரோனா ஊரடங்கு எதுவாக இருந்தாலும் மலைக் குடும்பங்கள் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டது இந்த அரிசிதான்.

பிரச்சினை அரிசி வருவதில் இல்லை. அரிசி *மட்டும்* வருவதில்தான். தட்டில் வெள்ளை அரிசி கூடி, கேழ்வரகும் சாமையும் பயறும் கீரையும் குறைந்தால் வயிறு நிறையும், சத்து குறையும். ஒரு உதாரணம்: 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 முதல் 360 மில்லிகிராம் வரை கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட வருவதில்லை. வளரும் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

உள்ளூரில் வாங்கினால் என்னதான் மாறும்?

உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு, நான்கு கால்களையும் வைத்தே பார்ப்போம்.

பணம் முதலில். மலையில் விளைந்த சாமையை மலையிலோ கள்ளக்குறிச்சியிலோ ஒருவர் வாங்கினால், விலையில் பெரிய பங்கு அந்தக் குடும்பத்துக்கே போகும். நடுவில் தரகர், லாரி, மொத்த வியாபாரி, பாக்கெட் போடும் கம்பெனி என்று ஆள் கூடக்கூட விவசாயியின் பங்கு குறையும். 1999 நவம்பரில் மதுரையில் உழவர் சந்தை தொடங்கப்பட்டதன் அடிப்படைக் கணக்கே இதுதான். கள்ளக்குறிச்சியிலும் உழவர் சந்தை இருக்கிறது. விளைவித்தவர் நேரடியாக விற்கும்போது கையில் நிற்கும் காசுதான், அவர் வீட்டில் பருப்பும் எண்ணெயும் வாங்கும் காசு. உணவை வாங்கும் சக்தி என்று சொன்னோமே, அது இங்கிருந்துதான் வருகிறது.

அடுத்து விதை. வாங்க ஆள் இருந்தால்தான் விதைப்பார்கள். ஒவ்வொரு மலைக்கும் அதன் மண்ணுக்கும் மழைக்கும் பழகிய நாட்டு ரகங்கள் உண்டு. இரண்டு, மூன்று பருவம் விதைக்காமல் விட்டால் வீட்டு விதை முளைப்புத்திறன் இழந்துவிடும். அப்புறம் தேடினாலும் கிடைக்காது.

மூன்றாவது, நிலைத்தன்மை. ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மரவள்ளியே சாட்சி. 2020-ல் மரவள்ளியைத் தாக்கும் ஒரு புதிய மாவுப்பூச்சி கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, தமிழ்நாட்டு மரவள்ளி மாவட்டங்களுக்கும் பரவியது. அதைக் கட்டுப்படுத்த ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்த்து வயலில் விட வேண்டியிருந்தது. பூச்சி வராத வருஷத்திலும் ஆலைக்காரர் விலையைக் குறைத்தால் விவசாயிக்கு வேறு வழியில்லை. கிழங்கு விலை விழுந்தாலும், அரைக்காணி நிலத்தில் சாமையும் துவரையும் இருந்தால் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

சரி, எல்லாத்தையும் உள்ளூர்லயே வாங்கிட்டா போதுமா?

போதாது. இதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் வயல்கள் மூழ்கின. மூன்று மாவட்டங்களிலும் பாதிக்கப்பட்ட ரேஷன் அட்டைதாரர்களுக்கு அரசு தலா 2,000 ரூபாய் அறிவித்தது. அந்த வாரம் உள்ளூர் விளைச்சலை மட்டும் நம்பியிருந்தால் நிலைமை என்ன? வெளியில் இருந்து வந்த அரிசியும் காய்கறியும்தான் காப்பாற்றின. ஒரு வட்டாரத்தின் பயிர் அழியும்போது இன்னொரு வட்டாரத்தின் பயிர் கைகொடுக்க வேண்டும். அதற்குத்தான் கிடங்கும் லாரியும் ரேஷன் கடையும்.

விலையும் ஒரு பிரச்சினை. நகரத்தில் சிறுதானிய மவுசு கூடி விலை ஏறினால், மலைக் குடும்பம் விளைந்ததை எல்லாம் விற்றுவிட்டு, தான் அரிசியே சாப்பிடும் நிலை வரலாம். விற்றவருக்கு வருமானம் உயரும், நல்லதுதான். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளையின் தட்டில் சாமை வராது. அதே மலையில் நிலம் இல்லாத கூலிக் குடும்பத்துக்கோ விலை ஏற்றம் நேரடி அடி.

ஆக, உள்ளூர் உணவும் ரேஷனும் எதிரிகள் இல்லை. ஒன்று ஆட்டம் கண்டால் இன்னொன்று தாங்க வேண்டும். இன்றைக்கு மலையில் ரேஷன் மட்டும் தனியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அப்போ யார் வாங்கணும்?

நீங்களும் நானும் மாதம் ஒரு கிலோ வாங்குவது நல்லதுதான். ஆனால் ஒரு விவசாயி "இந்த வருஷம் சாமை போடலாம்" என்று முடிவெடுக்க, அறுவடைக்கு முன்பே நிச்சயமான ஒரு வாடிக்கையாளர் தேவை. ஒவ்வொரு வாரமும், ஒவ்வொரு மாதமும், பணத்தை ஒழுங்காகக் கொடுத்து வாங்கும் ஆள். அப்படி ஒருவர் இருக்கிறார். அரசுப் பள்ளிச் சமையல்கூடம்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். இப்போது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். இந்தத் திட்டத்தின் 2022 அரசாணையிலேயே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் தானியம். அது அரிசியாகவோ ரவையாகவோ, அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியமாகவோ இருக்கலாம். வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூர் சிறுதானியத்தில் சிற்றுண்டி செய்யலாம் என்ற யோசனையும் அதில் உண்டு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி. ஆளுக்கு 50 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 5 கிலோ. வாரம் இரண்டு நாள் என்றால் 10 கிலோ. பள்ளி நடக்கும் வாரங்களைத் தோராயமாக 40 என்று வைத்தால், வருஷத்துக்கு 400 கிலோ. ஒரே ஒரு பள்ளி, நான்கு குவிண்டால் சாமை அரிசிக்கு நிரந்தர வாடிக்கையாளர். இதை மாநிலம் முழுக்கப் போட்டால், 20 லட்சம் பிள்ளைகளுக்கு ஒரு காலை வேளைக்கே 100 டன் தேவை.

சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். சாப்பிடுவது அந்த ஊர்ப் பிள்ளைகள். தானியமும் அந்த மலையில் இருந்தே வந்தால், அரசு ஏற்கெனவே செலவழிக்கும் பணமே மலைக்குள் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றும்.

இது எங்கேயாவது நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. தமிழ்நாட்டிலேயே தர்மபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளிடம் கேழ்வரகை ஆதரவு விலைக்கு அரசு நேரடியாகக் கொள்முதல் செய்யத் தொடங்கியது. 2022-23-ல் அந்த விலை குவிண்டாலுக்கு 3,578 ரூபாய். 2023 மே மாதம் முதல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில், அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் முன்னோட்டத் திட்டம் வந்தது. ஒரு பக்கம் விளைவிக்கும் மாவட்டம், இன்னொரு பக்கம் சாப்பிடும் குடும்பம், நடுவில் ரேஷன் கடை.

ஒடிசா இன்னும் விரிவாகச் செய்தது. 2017-ல் பழங்குடிப் பகுதிகளில் சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கி, விதை தருவது, விளைச்சலைக் கொள்முதல் செய்வது, ரேஷனிலும் அங்கன்வாடியிலும் கொடுப்பது என்று மூன்றையும் ஒன்றாகக் கோத்தது. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கேழ்வரகு லட்டு போனது இப்படித்தான்.

பிரேசில் இதைச் சட்டமாகவே ஆக்கியது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம் நேரடியாக வாங்க வேண்டும் என்று 2009-ல் விதி போட்டார்கள். "முடிந்தால் வாங்கலாம்" என்று விடாமல், அளவைக் குறிப்பிட்டார்கள். நம் காலை உணவு அரசாணைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது: "செய்யலாம்", "செய்ய வேண்டும்".

கொல்லிமலை கத்துக்கொடுத்தது என்ன?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலும் இதே கதைதான். அங்கேயும் மலையாளி பழங்குடி மக்கள், அங்கேயும் சாமை குறைந்து மரவள்ளி பரவியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து அங்கே வேலை செய்கிறது. வெறுமனே "பாரம்பரியத்தைக் காப்பாத்துங்க" என்று சொன்னால் வேலைக்கு ஆகாது என்பது அவர்களுக்குப் புரிந்தது. அதனால் ஊர்க் குழுக்களிடம் உமி நீக்கும் இயந்திரங்கள் போயின. மகளிர் குழுக்கள் மாவாகவும் சிற்றுண்டி மிக்ஸாகவும் பாக்கெட் போட்டு விற்றார்கள். விதை வங்கிகள் வந்தன.

இதில் முதல் படி இயந்திரம். உரல் வேலை குறைந்த பிறகுதான் சாமை மறுபடி சமையலறைக்கு வரும். மலைக்கு மேலேயே உமி நீக்கினால் இன்னொரு லாபமும் உண்டு. உமியோடு மூட்டையை விற்பவருக்குத் தானிய விலை, அரிசியாக்கி விற்பவருக்கு அரிசி விலை. உமி மாட்டுக்கும் எருக்கும் மலையிலேயே தங்கும்.

கல்வராயன் மலைக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மலைப்பகுதிகளில் லேம்ப் என்று அழைக்கப்படும் மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. கடுக்காய் போன்ற வனப்பொருள்களை வாங்கிப் பழக்கப்பட்ட அமைப்பு அது. கடுக்காய் வாங்குகிற சங்கம் சாமையும் வாங்கலாம். பக்கத்தில் உமி நீக்கும் ஆலை ஒன்று. வாங்குவதற்குப் பள்ளியும் விடுதியும் அங்கன்வாடியும். தனித்தனியாக எல்லாம் இருக்கிறது, கோக்கும் நூல்தான் இல்லை.

நாம என்ன பண்ணலாம்?

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கம் இருப்பவர்களுக்கு வழி எளிது. உழவர் சந்தையிலும் வாரச் சந்தையிலும் மலை விளைச்சல் வருகிறதா என்று கேளுங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த வாரம் கொண்டுவருவார்கள். சாமை வாங்கும்போது பளிச்சென்று வெள்ளையாக இருப்பதைத் தேடாதீர்கள். லேசாகப் பழுப்பாக இருந்தால் தவிடு முழுசாகப் போகவில்லை என்று அர்த்தம். சத்து அதில்தான்.

வெளியூரில் இருப்பவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எந்த மலை, எந்தக் குழு, எந்த உற்பத்தியாளர் நிறுவனம் என்று போட்டிருக்கிறதா? "இயற்கை", "பாரம்பரியம்" என்ற சொற்களைவிட அந்த முகவரிக்கு மதிப்பு அதிகம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கிராம சபை. உங்கள் ஊர்ப் பள்ளியில் வாரத்துக்கு எத்தனை நாள் சிறுதானியச் சிற்றுண்டி போடுகிறார்கள், அந்தத் தானியம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பதில் பதிவேட்டில் ஏறும்.

வெள்ளிமலைச் சாலையில் ரேஷன் அரிசி ஏறுவது நிற்கக் கூடாது. அது பல குடும்பங்களின் உயிர். ஆனால் கீழே இறங்கும் வண்டியில் மரவள்ளியோடு நாலு மூட்டை சாமை அரிசியும் இருக்கலாம். அதற்கு முன்பே, அதில் ஒரு பங்கு மலைப் பள்ளியின் காலைச் சட்டியில் கொதித்திருக்கலாம். வண்டி, சாலை, பள்ளி, அரசாணை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. வாங்குகிறோம் என்று ஒருவர் உறுதி சொன்னால், அடுத்த ஆடியில் விதைக்க மலையில் ஆள் இருக்கிறார்கள்.